பூசணத்தில் செய்த இலை

தாராவி, மும்பை
ஆடி அமாவாசை கழிந்த வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய கணேசபாண்டியன் அண்ணாச்சிக்கு, தங்கச்சி சொர்ணம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மருமகள் பானுமதியும் மழையோடு மழையாகச் சுகமாக இருக்கிறோம். அங்கே உங்களுக்கு மூட்டுவலியும் மதினிக்குக் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசுகிறீர்கள், நான் உம் கொட்டுகிறேன், பிறகு 'சரி, பேசியாச்சு' என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் நடுவில் புகுந்து பேச முடியாது. நான் ஐந்தாவதோடு நிறுத்தியவள், பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். பானு தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். இவ்வளவு நீளத்தை அவள் வாசித்து முடிக்கத் தீபாவளி வந்துவிடும், அதனால் தைரியமாக எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

போன வாரம் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. பானு அப்பா போய் வருஷம் திரும்புவதற்குள் பானுவை நாங்குநேரி ராஜபாண்டிக்குக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும், நான் தாராவி வீட்டைப் பூட்டிவிட்டு உங்களோடு வந்து இருக்க வேண்டும், பானு அந்தப் பூசண வேலையை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் ராஜபாண்டியின் அம்மா 'பூசணத்தத் தொட்ட கையால பொங்குன சோத்த யாரு திம்பா' என்று கேட்டிருக்கிறாள். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னீர்கள், அதுதான் நெஞ்சில் தைத்தது. 'காக்கா ஏன் ஒஞ் சோத்த எடுக்க மாட்டேங்கு? கொமரு கரையேறல, அதான் சுடலைக்கண்ணன் மனசு ஆறாம அலையுதான்.' அதற்கு நான் உம்கூடக் கொட்டவில்லை, கவனித்தீர்களா.

காக்காய் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் பானுவின் வேலை என்ன என்று உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவள் காளான் வளர்ப்பதாக மதினி ஊரில் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. காளான் இல்லை. ஊறுகாயில் பூக்குமே, ஜாடியைத் திறந்ததும் முகத்தைச் சுளிப்போமே, அந்த இனம். நாம் தூக்கி எறிவதை இவள் செம்பூரில் ஒரு லேப்பில் கண்ணாடிக் குடுவைக்குள் விட்டு, கரும்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, சூடு குறையாமல் பார்த்துக்கொண்டு, தொட்டில் மாதிரி ஆட்டுகிற மெஷினில் வைத்து வளர்க்கிறாள். இவளை நான் வளர்த்த காலத்தில் அப்படித் தானாக ஆடுகிற தொட்டில் கிடையாது, சேலையும் என் காலும்தான். அந்தப் பூசணம் சர்க்கரையைக் குடித்துவிட்டு ஒரு புளிப்பை விடுமாம். அந்தப் புளிப்பை உப்பு மாதிரிக் காயவைத்து எடுத்து, ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுத்த ஒரு சரக்கோடு சேர்த்துக் காய்ச்சினால் பாகு பதத்துக்கு வந்து, பிறகு மெல்லிசு ஷீட்டாக வருகிறது. பார்ப்பதற்குப் பிளாஸ்டிக்கேதான். ஆனால் பூமிக்கு அடியில் தோண்டிய எண்ணெயிலிருந்து வந்தது இல்லை, வயலிலிருந்து வந்தது. வேலை முடிந்து மண்ணில் புதைத்தால் மண்ணாகிவிடும்.

பானு அப்பாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. அவருக்குக் கலீலுல்லா பாயின் பழைய பிளாஸ்டிக் கோடவுனில் வாளி தனி, மூடி தனி, கவர் தனி என்று பிரித்துப் போட்டே வாழ்நாள் போனது. 'ஏட்டி, அழியாததப் பொறுக்கிப் பொறுக்கி ஒன்னப் படிக்க வச்சேன். நீ அழியுததச் செய்யப் போறியா? அப்பன் பொழப்புல மண்ணள்ளிப் போடுதியே' என்றார். 'யாரும் வாங்காத கவர் ஒங்க கோடவுன்ல மலையா கெடக்குல்லாப்பா, அதுக்குப் பதிலாத்தான் இது' என்றாள் பானு. மறுநாளிலிருந்து டீக்கடையில் வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் 'எம் மவ சாவுத பிளாஸ்டிக்கு செய்யுதா, தெரியும்லா' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் பிரித்துப் போட்ட வாளியும் மூடியும் இப்போதும் எங்கேயாவது உருண்டுகொண்டிருக்கும். அவர்தான் இல்லை. இந்த இடத்தில் எழுத்து நின்று மறுபடி ஆரம்பித்திருப்பது உங்களுக்குத் தெரியும். மை தீரவில்லை, நான்தான் நிறுத்தினேன்.

ஷீட்டைச் செய்தால் மட்டும் போதாதாம், சோதித்துப் பார்க்க வேண்டுமாம். லேப்பில் ஒரு மெஷின் இருக்கிறது, ஷீட்டை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அறுகிறவரை இழுக்கும். ஆனால் புதுசில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், கல்யாணமான புதுசில் எல்லா ஆண்பிள்ளையும் நன்றாக இருக்கிற மாதிரி. வெயிலிலும் மழையிலும் கிடந்து அடிபட்ட பிறகும் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. வெயில், மழை, புகை, தூசி, உப்புக்காற்று எல்லாம் ஒரே இடத்தில் எங்கே கிடைக்கும் என்று அவர்கள் யோசித்தபோது, பானு, 'எங்க வீட்டுக் கூரையில இருக்கு சார்' என்றாளாம். நம் தகரக் கூரைக்கு இப்படி ஒரு யோகம். ஒரு சட்டத்தில் ஐந்து ஷீட்டைக் கிளிப் போட்டு மாட்டிக் கொண்டுவந்து கூரைமேல் கட்டினாள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து, கூரையில் கிடந்த ஷீட்டை மெஷினில் இழுத்துப் பார்ப்பார்கள். தாங்கினால் பானுவின் வேலை தொடரும், இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு லேப்பில் அவள் இடம் போச்சு. அப்படிப் போனால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் கிடையாது, ராஜபாண்டிதான் என்பதும் எனக்குத் தெரியும். 'அம்மா, இதுல கைய வைக்காத. தூசிகூடத் தொடைக்காத' என்றாள். 'நான் ஏன்ட்டி வைக்கப் போறேன்' என்றேன்.

அவர் போனதிலிருந்து அமாவாசை தவறாமல் ஏணியில் ஏறிச் சோறு வைக்கிறேன் அண்ணாச்சி. தாராவியில் காக்காய்க்கா பஞ்சம். யார் வீட்டில் மீன் கழுவினாலும் கூட்டமாக வந்து இறங்கும். என் சோற்றுக்கு மட்டும் எதிர்க்கூரையில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எவர்சில்வர் தட்டில் வைத்தேன், வரவில்லை. கோடவுனிலிருந்து அவர் ஆசையாக எடுத்துவந்த பச்சைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்தேன், வரவில்லை. அடுத்த வீட்டு ஷமீமா மேலப்பாளையத்துக்காரி, வாய்த்துடுக்கு உண்டு, ஆனால் தங்கம். அவள்தான் சொன்னாள், 'யக்கா, வாழ்க்க பூரா பிளாஸ்டிக்குக்குள்ளயே கெடந்த மனுசன். செத்த பெறவும் அதுலதான் திங்கணுமா? ஒரு எலையப் போட்டு வைங்களேன்.' அவளுக்குக் காக்காய்க்கு வைக்கிற வழக்கம் கிடையாது, ஆனாலும் நியாயமாகப் பட்டது.

ஆடி அமாவாசை அன்று இலை வாங்க மாட்டுங்கா போகலாம் என்றால் விடிந்ததிலிருந்து மழை, சயான் பக்கம் ரோட்டில் முழங்கால் தண்ணீர், பஸ் இல்லை. சோறு, பருப்பு, நெய், உளுந்த வடை எல்லாம் ஆயிற்று. இலை மட்டும் இல்லை. மழை விட்ட நேரம் பார்த்து ஏணியில் ஏறி நின்றுகொண்டு யோசிக்கிறேன், கண்ணுக்கு முன்னால் ஐந்து ஷீட். கரும்பு, ஆமணக்கு, வயல், மண்ணில் போட்டால் மண் என்று பானு சொன்னது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது. நீங்களே சொல்லுங்கள், செடியிலிருந்து வந்து மண்ணோடு போகிற ஒன்றுக்கு இலை என்று பெயர் இல்லாமல் வேறு என்ன பெயர். ஓரத்தில் இருந்த ஒன்றை மட்டும் கிளிப்பை எடுத்துக் கழற்றி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, உள்ளங்கை அகலம்தான் இருக்கும், அதற்குத் தக்கன சோற்றை உருட்டி வைத்து, மேலே வடையை வைத்துக் கூப்பிட்டேன்.

வந்தது. எதிர்க்கூரையிலிருந்து நேரே வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தது. முதலில் வடை. அவரும் அப்படித்தானே, விசேஷ வீட்டில் வடையை முடித்த பிறகுதான் இலையில் சோறு இருப்பது அவருக்குத் தெரியும். நான் ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். 'மெதுவா தின்னுங்க, யாரும் வேலைக்குக் கூப்பிடல' என்றேன். வடையை முடித்து, சோற்றை முடித்து, அலகைத் தகரத்தில் இரண்டு பக்கமும் தீட்டிக்கொண்டு, ஷீட்டைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு இலையையும் எடுத்துக்கொண்டு போகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அண்ணாச்சி, நான் ஓடியதை நீங்கள் பார்த்திருந்தால் என் கால்வலியை இனிமேல் நம்ப மாட்டீர்கள். மேலே பார்த்துக்கொண்டே சந்துக்குச் சந்து ஓட, தோல் பட்டறைக்காரன் 'தேக்கே சலோ', பார்த்துப் போ என்று கத்த, மாவுக்கடைக் குடத்தில் நான் இடிக்க, பின்னால் ஷமீமா குடையோடு ஓடிவர, காக்காய் எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா. கலீலுல்லா பாய் கோடவுன் கூரையில். பாய் வாசலில் நின்று தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

'என்ன சொர்ணம், இந்த மழையில?'

'பாய், அவர விட்டுராதிங்க, பிடிங்க.'

'யார?'

'அவரத்தான். ஒங்க கூரையில ஒக்காந்திருக்காரு பாருங்க.'

உள்ளே வேலை செய்த ஆட்கள் எல்லாரும் வெளியே வந்து மேலே பார்த்தார்கள். காக்காய் இருந்தது. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, 'சுடலையா?' என்றார். 'ஆமா' என்றேன். அவர் சிரிக்கவில்லை. 'லீவு போட்டாலும் ஒரு நட வந்து பாத்துட்டுத்தான போவான்' என்றார்.

அதற்குள் காக்காய் ஷீட்டைக் காலில் மிதித்துக்கொண்டு அலகால் இழுக்க ஆரம்பித்தது. இழுத்தால் ஷீட் நீளுகிறது, விட்டால் சுருங்குகிறது. கொத்துகிறது, புரட்டுகிறது, மறுபடி மிதித்துக்கொண்டு இழுக்கிறது. கிழியவில்லை. கோடவுன் ஆட்கள் கீழே நின்று 'கீஞ்ச், கீஞ்ச்' என்று, அதாவது இழு இழு என்று, காக்காய்க்கு உற்சாகம் கொடுக்கிறார்கள். பாவி மனுஷர்களே, அது என் மகள் பிழைப்பு என்று எனக்குக் கத்தவும் வரவில்லை, ஏனென்றால் அது கிழியாமல் நீள நீள எனக்கே நெஞ்சு விம்முகிறது. கடைசியில் காக்காய்தான் சலித்துப்போய், ஷீட்டை விட்டுவிட்டுப் போனது. விட்ட இடம் கோடவுன் முற்றத்தில் குவிந்து கிடந்த கவர் மலை. ஊரில் உள்ள அத்தனை பிளாஸ்டிக் கவருக்கும் நடுவில் என் மகளின் ஷீட். எப்படித் தேட. 'நெய் வாசன அடிக்கும்' என்று நான் சொன்னதும் பாய் உட்பட எல்லாரும் குனிந்து மோந்து பார்த்துக்கொண்டே போனார்கள். அந்த வழியாக வந்த முனிசிபாலிட்டிக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். ஷமீமாதான் கண்டுபிடித்தாள், ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் சொர்ணம்மாள் இல்லையே. வீட்டுக்குக் கொண்டுவந்து, நெய் போகட்டும் என்று துணி சோப்புப் போட்டுத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துடைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி சட்டத்தில் மாட்டிவிட்டேன். மறுநாள்தான் அந்த வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று சாயங்காலம் பானு சட்டத்தை இறக்கினாள். இறக்கியதும் என்னைப் பார்த்தாள்.

'அம்மா, இதுல என்ன குழி குழியா இருக்கு?'

'மழைட்டி. பேய் மழல்லா பெய்யுது.'

'மழை சோப்புப் போட்டா குளிக்கி? வாசன வருதே.'

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏணிப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட எனக்காக அடக்கிக்கொண்டு நின்றவள், இப்போது தேம்பித் தேம்பி அழுகிறாள். 'சப் கதம்மா, எல்லாம் போச்சு. எத்தன மாசம் கெடந்த ஷீட்டு' என்கிறாள். 'அப்பா வந்தாருட்டி, வயிறாரத் தின்னாரு' என்றேன். 'வரட்டும், அதுக்கு எஞ் ஷீட்டத்தான் எடுக்கணுமா?' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, 'வட தின்னாரா?' என்று கேட்டாள். 'மொதல்ல வடதான்' என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம், யார் எதற்கு அழுகிறோம் என்று தெரியவில்லை.

காலையில் நானும் அவளோடு லேப்புக்குக் கிளம்பிவிட்டேன். தப்பு என்னுடையது, அவள் சார் அவளைத் திட்டக்கூடாது. வெங்கடேஸ்வரன் சார் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டு ஐயர், பெரிய படிப்பு. கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

'காக்கா சாதத்த எடுத்துதா?' என்றார்.

'எடுத்துச்சு சார்.'

'என்ன பண்ணியிருந்தேள்?'

'பருப்பு, நெய்யி, உளுந்த வட.'

'எங்காத்துல அப்பா திவசத்துக்கு வெச்சா அது திரும்பியே பாக்கறதில்ல. வடையை எண்ணெயில்லாம பண்றா, டாக்டர் சொன்னார்னு. டாக்டர் எனக்குத்தான் சொன்னார், அப்பாவுக்கு இல்ல.' பிறகு பானுவைப் பார்த்து, 'நாலு ஒழுங்கா இருக்கோல்லியோ? நாலு போறும். காக்கா எடுத்தது கணக்குல சேராது' என்றார். இந்த ஒன்றுக்குத்தான் இவள் அவ்வளவு அழுதாள். ஐந்து வைத்தால் ஐந்தும் வேண்டும் அவளுக்கு, நம் வீட்டு ரத்தம்.

வந்தவர்களில் ஓர் உயரமான வெள்ளைக்கார அம்மாதான் தலைவி. என்னை ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். என் மகள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் பேசப் பேச, அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் யார் பேச யார் கேட்கிறார்கள் என்பது புரிய இங்கிலீஷ் வேண்டுமா. நாலு ஷீட்டையும் மெஷின் ஒவ்வொன்றாக இழுத்தது. புதுசில் எவ்வளவு தாங்கியதோ அதில் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறதாம், எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது அந்த அம்மா தனியாகக் கிடந்த ஐந்தாவதைக் கையில் எடுத்து, குழியைத் தடவி, ஏதோ கேட்டாள். பானு என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டாள். மதர், க்ரோ, ஃபாதர் என்று மூன்று வார்த்தை எனக்குப் பிடிபட்டது. யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா என் பக்கம் திரும்பி லேசாகத் தலையைத் தாழ்த்திவிட்டு, அதையும் மெஷினில் போடச் சொன்னாள். நீண்டது, நீண்டது, நான் குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, மற்றதைவிடக் கொஞ்சம் முந்தி அறுந்தது. அறுந்த இடம் எது தெரியுமா. காக்காய் கொத்திய இடம் இல்லை, நான் நாரைப் போட்டுத் தேய்த்த ஓரம். காக்காயைவிட என் கை மோசம் என்று மெஷினே சொல்லிவிட்டது. பிறகு போன வருஷம் ஷீட்டைப் புதைத்த மண்தொட்டியைக் கொட்டிக் காட்டினார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைக் காட்டினதற்கு ஆட்கள் கைதட்டி நான் பார்த்தது அங்கேதான். நானும் தட்டினேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

ஆகையால் அண்ணாச்சி, நீங்கள் சொன்ன கணக்குப்படியே பார்ப்போம். காக்காய் எடுத்துவிட்டது. எதில் வைத்து எடுத்தது, மகள் செய்த இலையில் வைத்து எடுத்தது. இதற்குமேல் பானு அப்பா வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்றால் அது அவரால் ஆகாது. ராஜபாண்டி வீட்டில் சொல்லிவிடுங்கள். ராஜபாண்டியின் அம்மா முதலில் தோசை மாவைப் புளிக்க வைக்காமல் தோசை சுடட்டும், பிறகு என் மகள் கையைப் பற்றிப் பேசட்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே வருகிற பேச்சையும் இனி எடுக்காதீர்கள். அவர் சட்டை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. அவருக்கு வழி தெரிந்த கூரை இது. அவளுக்கு நான், எனக்கு அவள், இப்படியே இருந்துகொள்வோம். எங்களைப் பற்றிக் கவலைப்பட்டு உங்கள் மூட்டுவலியைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

மதினிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் அடுப்பு அணையாமலும் கிணறு வற்றாமலும் இருக்கட்டும். உங்களை எதிர்த்து எழுதியதற்குக் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் எழுதியதை மாற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
பானுமதியின் அம்மா
சொர்ணம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வெங்கடேஸ்வரன் சார் போன் செய்தார். அந்த உயரமான அம்மா, ஜெர்மனியில் அவர்கள் லேப்பில் வந்து இதைப் பெரிய அளவில் செய்யும்படி பானுவை இரண்டு வருஷத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். இவள் முடியாது என்று சொல்லிவிட்டாளாம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். 'அம்மா தனியா இருப்பாங்க' என்றாளாம். 'யாரு சார் தனியா? எங்க அண்ணாச்சி வா வான்னு உயிர வாங்குதாரு, நான் அங்க போறதா எழுதிட்டேன்' என்று சாரிடம் சொல்லிவிட்டேன். பானுவிடமும் அதையே சொன்னேன். அவள் நம்பவில்லை. அதனால் மேலே உள்ளதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், ராஜபாண்டி விஷயம் ஒன்றைத் தவிர. திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறேன், ஒரு கட்டில் போட இடம் இருந்தால் போதும். கடிதம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். ஸ்பீக்கரில் போடுவேன், பானு பக்கத்தில் இருப்பாள். 'எப்ப வாரட்டி?' என்று கேளுங்கள். நான் அழுவேன். அது சந்தோஷத்தில் என்று அவளிடம் சொல்லுங்கள்.